சரிவு வீட்டுக்கு லிஃப்டா, படி நாற்காலியா?

இலங்கை மலையகத்தில் வீட்டுக்குள் பெரும்பாலும் ஏறுவதில்லை, இறங்குகிறோம். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் சரிவில் கட்டிய வீடுகளில் வாசல் தெரு மட்டத்தில் இருக்கும். சமையலறை இரண்டு தட்டு கீழே. அப்பாயிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டால் ஒரு தேநீருக்குக்கூட யாரையாவது கூப்பிட வேண்டும்.

லிஃப்ட் என்றால் ஆளோடு சாமானும் போகும். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் (இரும்பின் எடை வேறு), அரிசி மூட்டை, சக்கர நாற்காலி, மழை தூறியதும் அள்ளிக்கொண்டு ஓடும் ஈரத்துணி, எல்லாம். ஆனால் பலவகை லிஃப்டுகளுக்கு அடியில் குழி வேண்டும். சரிவு நிலத்தில் மழைக்காலத்தில் அதில் நீர் கசியும். நீர்த்தடுப்புப் பூச்சில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

படி நாற்காலி படியோரத் தண்டவாளத்தில் ஓடும். சுவர் உடைக்கத் தேவையில்லை, செலவும் குறைவு. பெரும்பாலானவை பேட்டரியில் ஓடுவதால் மின்வெட்டிலும் நிற்காது. 2022இல் 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்தவர்களுக்கு இது சின்ன விஷயமா? குறை ஒன்றுதான்: ஒருவர் உட்காரலாம், அவ்வளவே. சிலிண்டர் பழையபடி தோளில்தான்.

புது வீடென்றால் லிஃப்டுக்கே என் ஓட்டு; மின்வெட்டில் அடுத்த தட்டுக்கு இறக்கிவிடும் பேட்டரியும் கேட்டு வாங்குங்கள். பழைய வீடு, அப்பாயிக்கு மட்டும் என்றால் நாற்காலி போதும். முதலில் படியின் அகலத்தை அளந்து பாருங்கள்.