நெருப்பருகே ஓர் இரவு, திரும்பிவந்த யானைகள்

ஆப்பிரிக்கக் காட்டைக் காக்கும் இரு வழிகள் இவை. தென்னாப்பிரிக்காவில் 1957இல் இயன் பிளேயர் தொடங்கிய வில்டர்னஸ் லீடர்ஷிப் ஸ்கூல், மனிதர்களைக் காட்டுக்குள் கால்நடையாக அழைத்துச் செல்கிறது. பிளேயருக்குக் காட்டைக் கற்றுத்தந்தவர் ஜூலு வனக்காவலர் மகுபு ந்டோம்பேலா. அவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரவில் ஒவ்வொருவரும் முறைவைத்து நெருப்பருகே தனியாகக் காவலிருப்பார்கள். விறகு வெடிக்கும், இருட்டுக்குள் ஏதோ மூச்சுவிடும்.

2000இல் பிறந்த ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற அமைப்பு, அரசுகளோடு நீண்டகால ஒப்பந்தம் செய்து வனவிலங்குப் பூங்காக்களையே நிர்வகிக்கிறது. மலாவி நாட்டின் மஜேட்டே வனவிலங்குக் காப்பகத்தில் யானையே மிஞ்சியிருக்கவில்லை. 2003இல் பொறுப்பேற்றார்கள், 2006இல் யானைகளும் 2012இல் சிங்கங்களும் வந்து சேர்ந்தன.

வேட்டையால் வெறிச்சோடிய காட்டுக்கு இரண்டாவதே உடனடி மருந்து, சந்தேகமில்லை. ஆனால் இளம்பிள்ளைகளை எங்கே அனுப்பலாம் என்று கேட்டால், அந்த நெருப்பருகே என்பேன்.