விண்டோஸ் 7-இல் ஃபயர்ஃபாக்ஸ் 115 இ.எஸ்.ஆர்.: தாராளமாகப் போடலாம்

குரோம் பிரவுசர் தன் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைகழுவிவிட்டது. பழைய கணினிக்கு நாங்கள் துணிந்து சொல்வது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான 115 இ.எஸ்.ஆர். தான். ஆனால் 115.13-க்கு முந்தைய பதிப்பு வேண்டாம்: 2025 மார்ச் 14-இல் ஆட்-ஆன்கள் (பிரவுசரில் சேர்க்கும் துணை நிரல்கள்) நம்பகமானவையா என்று சரிபார்க்க உதவும் ஒரு வேர்ச் சான்றிதழ் காலாவதியானதால் அவற்றில் ஆட்-ஆன்கள் முடங்கும்.

2 ஜிபி ராமில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் ஆட்-ஆன் இல்லாமல் செய்தித் தளங்கள் திணறும். யூடியூப் விக்கி விக்கி ஓடினால் வீடியோவை எச்.264 என்ற பழைய வடிவத்தில் வரவைக்கும் எச்264இஃபை ஆட்-ஆனைப் போடுங்கள். யூடியூப் பயன்படுத்தும் விபி9 என்ற வீடியோ வடிவம் பழைய கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தெரியாது, மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழும். எந்தத் தளத்தைத் திறந்தாலும் சான்றிதழ் பிழை வந்தால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். அது பல வருடம் பின்னே போயிருந்தால், கணினிக் கடிகாரத்தை ஓடவைக்கும், மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும், அதை மாற்றித் தேதியைத் திருத்தினால் சரியாகிவிடும்.

நெட் பேங்கிங் மட்டும் இதில் வேண்டவே வேண்டாம். வீட்டுக் கணினிகளுக்கான விண்டோஸ் 7 பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது.