எங்கள் எச்ஓஏவும் முன்வாசல் அருகம்புல்லும்: மூன்று வருடத்துக்குப் பிறகு ஒரு ரிவ்யூ (5க்கு 2½)

டல்லாஸுக்கு வடக்கே காலின் கவுண்டியில் வீடு வாங்கி மூன்று வருடம் ஆகிறது. இங்கே வீடு பார்க்கப் போகிற நம்ம ஆட்கள் கிச்சன் கவுன்டரைத் தட்டிப் பார்ப்பார்கள், ஸ்கூல் ரேட்டிங் பார்ப்பார்கள், போனில் காம்பஸ் வைத்து வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள். எச்ஓஏ என்கிற வீட்டு உரிமையாளர் சங்கத்தின் புல் விதிகளை மட்டும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் படிப்பார்கள். நானும் அப்படித்தான், அதனால்தான் இதை எழுதுகிறேன். சங்கத்தின் பெயரோ அதை நடத்தும் மேனேஜ்மென்ட் கம்பெனியின் பெயரோ இதில் வராது, தினமும் இதே தெருவில்தான் வாக்கிங் போக வேண்டும்.

எச்ஓஏ என்றால் சென்னை அபார்ட்மென்ட் அசோசியேஷன் மாதிரி என்று நினைத்திருந்தேன். அங்கே லிஃப்ட், மோட்டார், வாட்ச்மேன் சம்பளம் என்று சண்டை வரும். இங்கே தனி வீடு, நிலம் நம் பெயரில், தண்ணீர் பில் நம் காசு, ஆனால் புல் எவ்வளவு உயரம் வளரலாம் என்பதைச் சங்கம் சொல்லும். வீட்டுப் பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டு வருகிற நிபந்தனை அது, வீட்டை வாங்கினால் அதையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். எங்களுடையதில் முன்வாசலுக்கு மட்டும் நான்கு பக்கம். வருடச் சந்தா 840 டாலர். அந்தக் காசுக்கு யாரும் வந்து நம் புல்லை வெட்ட மாட்டார்கள், வெட்டவில்லை என்று கடிதம் போடுவார்கள்.

முதல் கடிதம் குடிவந்த ஏழாவது வாரம் வந்தது. 'கர்ட்டசி நோட்டீஸ்' என்று தலைப்பு. கூடவே ஒரு கலர் போட்டோ, காருக்குள் இருந்தபடியே எடுத்தது, ஓரத்தில் கார்க் கண்ணாடியின் நிழல்கூடத் தெரிந்தது. புல் 6 அங்குலத்தைத் தாண்டிவிட்டதாம். டல்லாஸ் நகராட்சியே 12 அங்குலம் வரை ஒன்றும் சொல்லாது, எங்கள் சங்கத்துக்கு அதில் பாதியைத் தாண்டினாலே ஆகாது. நாங்கள் ஒரு வாரம் ஊரில் இல்லை, அந்த வாரம் நல்ல மழை, அவ்வளவுதான் நடந்தது. மே மாத மழைக்கு இந்தப் புல் வளர்கிற வேகம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

இந்தப் புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விதிப் புத்தகத்தில் முன்வாசலுக்கு பெர்முடா அல்லது செயின்ட் அகஸ்டின் என்று இருக்கிறது. எங்களுடையது பெர்முடா. போன வருடம் ஏப்ரலில் அப்பா மன்னார்குடியில் இருந்து வந்தார், மறுநாள் காலையில் காபி டம்ளரோடு வாசலில் உட்கார்ந்து ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது அருகம்புல்லு. இதுக்கா காசு குடுத்துத் தண்ணி விடுறீங்க?" என்றார். தேடிப் பார்த்தால் அப்பா சொன்னது சரி. பெர்முடாவின் தாவரவியல் பெயரும் அருகம்புல்லின் தாவரவியல் பெயரும் ஒன்றுதான், சைனோடான் டாக்டிலான். லானுக்கென்று விற்பதில் நிறைய ஒட்டுரகம், ஆனால் தாய் அதுதான். வயலில் அருகு மண்டினால் கோடை உழவு போட்டு, கிழங்கை வெயிலில் காயவைத்துச் சாகடித்தவர் அவர். அந்தப் புல்லுக்கு இங்கே ஸ்பிரிங்க்ளர், உரம், ஆள் கூலி என்று நான் செலவு செய்வதைப் பார்த்து அவருக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

"ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறார்களே, அந்த வேர்தான் எங்களுக்கு வந்த இரண்டாவது கடிதத்துக்குக் காரணம். லானில் அருகு இல்லாவிட்டால் தப்பு, சொட்டை விழுந்த இடத்தைப் போட்டோ எடுப்பார்கள். அதே அருகு ஒரு சாண் தள்ளிப் பூப்பாத்திக்குள் வந்துவிட்டால் அது களை, அதற்கும் போட்டோ. பாத்தியின் கல்வரிசைக்கு அடியில் புகுந்து, மல்ச் என்கிற மூடாக்குக்குக் கீழே அரை அடி ஓடி, ரோஜாவின் தூரிலேயே தலையைத் தூக்கும். இழுத்தால் கணுவில் அறுந்து கையோடு வரும், மீதி உள்ளேயே இருந்து பத்து நாளில் இரண்டாக முளைக்கும். இந்த ஊர் மண் வேறு கறுப்புக் களிமண், மழையில் மாவு மாதிரி ஒட்டும், ஆகஸ்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், இடையில் களை பிடுங்குகிற பதம் வருடத்துக்கு ஒரு மாதம் கிடைத்தால் பெரிது.

கோரையும் உண்டு, அதே நம்மூர்க் கோரை. அதைப் பிடுங்கவே கூடாது என்பதுதான் இங்கே வந்த புதிதில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம். கிழங்கு மண்ணில் தங்கிவிடும், ஒன்று நான்காகும். ஹேலோசல்ஃபூரான் என்ற கோரைக்கான மருந்தைச் சின்ன செடியாக இருக்கும்போதே அடிக்க வேண்டும், அதுவும் ஒரு தடவையில் போகாது. கடிதம் தரும் அவகாசம் 14 நாள். கோரை 14 நாளில் சாகிறது என்று நினைக்கிறவர்கள்தான் விதி எழுதியிருக்கிறார்கள்.

சரி, குறை மட்டும் சொன்னால் நியாயமில்லை. பொது இடங்களைச் சங்கம் நன்றாகவே வைத்திருக்கிறது. குளத்தைச் சுற்றின நடைபாதை, நுழைவாயிலில் உள்ள லைவ் ஓக் மரங்கள் எல்லாம் ஒழுங்கு. ஓக் மரங்களை பிப்ரவரியில் இருந்து ஜூன் வரை வெட்டக் கூடாது, ஓக் வில்ட் நோய் பரவும் காலம் அது. அதைச் சரியாகக் கடைப்பிடிக்கிறார்கள். எதிர்வரிசையில் ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீட்டை ஒழுங்குபடுத்த வைத்ததும் இவர்கள்தான், நாங்கள் நான்கு பேர் நேரில் போய்ச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் இரண்டரை.

புல் வெட்ட வருகிற குழுவுக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து. ஒரு தடவைக்கு 45 டாலர், மார்ச்சில் இருந்து அக்டோபர் வரை வாரா வாரம். சரியாக ஒன்றரை அங்குலத்தில் வெட்டி, ஓரம் சீவி, டிரைவ்வேயை ஊதிவிட்டு இருபது நிமிடத்தில் போய்விடுவார்கள். அந்தக் குழுவின் தலைவர்தான், இன்ஸ்பெக்‌ஷன் கார் எங்கள் பக்கம் செவ்வாய்க்கிழமை வரும், அதனால் திங்கட்கிழமை வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். 840 டாலர் வாங்குகிற இடத்தில் இருந்து இந்த அளவுக்கு உபயோகமான தகவல் ஒன்றுகூட வந்ததில்லை.

அடுத்தது அபராதம். மூன்றாவது கடிதம் அந்தக் கோரைக்காக, சர்ட்டிஃபைட் மெயிலில் வந்தது, 50 டாலர் போடப்போவதாக. அன்றைக்கு ராத்திரிதான் டெக்ஸாஸ் மாநிலத்தின் சொத்துச் சட்டமான பிராப்பர்ட்டி கோடில் 209ஆம் அத்தியாயத்தை உட்கார்ந்து படித்தேன். வீடு வாங்குகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. சரிசெய்யக்கூடிய குறை என்றால் நியாயமான அவகாசம் தராமல் அபராதம் போட முடியாது. ஆனால் அதே மாதிரிக் குறைக்கு ஆறு மாதத்துக்குள் ஏற்கெனவே அவகாசம் கொடுத்திருந்தால் மறுபடி தர வேண்டியதில்லை, இதில்தான் பலர் மாட்டுகிறார்கள். நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள் எழுதிக் கேட்டால் சங்கத்தின் நிர்வாகக் குழுவான போர்டு நம்மை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும். அதற்குப் பத்து நாள் முன்பே அவர்கள் காட்டப்போகும் போட்டோ, காகிதம் எல்லாம் நம் கைக்கு வர வேண்டும். எந்தக் குறைக்கு எவ்வளவு அபராதம் என்ற பட்டியலும் 2024 ஜனவரியில் இருந்து கட்டாயம்.

கேட்டேன், போனேன். கிளப் ஹவுஸில் மூன்று பேர், மூன்று பேரும் சம்பளமில்லாமல் வேலை செய்கிற பக்கத்துத் தெருக்காரர்கள். ஒருவரை எனக்கு கிராசரி கடையில் பார்த்த முகம். கடிதம் அடிப்பது கம்பெனி, முடிவெடுப்பது போர்டு, இரண்டும் வேறு வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மருந்து வாங்கிய ரசீதையும், செத்து மஞ்சளாகிக் கிடந்த கோரையின் போட்டோவையும் காட்டினேன். ஐந்து நிமிடத்தில் ரத்து செய்துவிட்டார்கள். அதில் ஒருவர் தன் வீட்டிலும் அதே கோரைதான் என்று சொல்லி, நான் என்ன மருந்து அடித்தேன் என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

அப்புறம் தண்ணீர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 10 மணியில் இருந்து மாலை 6 வரை ஸ்பிரிங்க்ளர் ஓட்டக் கூடாது, வாரத்துக்கு இரண்டு நாள்தான் என்று நகராட்சி ஒரு பக்கம். புல் பழுப்பாக இருக்கிறது என்று இன்னொரு பக்கம் சங்கத்தின் கடிதம். தண்ணீர் விட்டால் அவன் பிடிப்பான், விடாவிட்டால் இவன் பிடிப்பான். 2025 செப்டம்பரில் வந்த சட்டம் ஓரளவு காப்பாற்றுகிறது: வீட்டுத் தண்ணீருக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கும் காலத்திலும், அதை நீக்கிய பிறகு 60 நாள் வரையிலும், புல் பழுப்பானதற்கு எச்ஓஏ அபராதம் போட முடியாது.

இதெல்லாம் பார்த்து அலுத்துப்போய் லானில் பாதியை எடுத்துவிட்டு வறட்சி தாங்கும் செடி வைக்க விண்ணப்பித்தேன். அதே பிராப்பர்ட்டி கோடின் 202.007 என்ற பிரிவின்படி அதைச் சங்கம் தடுக்க முடியாது, ஆனால் திட்டத்தைக் காட்டு என்று கேட்கலாம், கல், ஜல்லி, கள்ளி விஷயத்தில் விதி வைக்கலாம். வைத்தார்கள். ஜல்லியின் நிறம் பிடிக்கவில்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள், மொத்தம் ஆறு வாரம் ஓடியது. கடைசியில் ரெட் யக்கா, டெக்ஸஸ் சேஜ், அப்புறம் லன்டானா. லன்டானா ஒரு தொட்டி 9 டாலர். அப்பாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "உண்ணிச்செடிம்மா அது" என்றார். இது டெக்ஸாஸின் சொந்த ரகம், நம்மூர்க் காட்டைப் பிடித்தது இதன் பங்காளி என்று விளக்கினேன், நம்பினதாகத் தெரியவில்லை. மழைநீர் பீப்பாய்க்கும் அதே பிரிவில் அனுமதி உண்டு, வீட்டின் முன்பக்கத்துக்கும் தெருவுக்கும் நடுவில் மட்டும் வைக்க முடியாது, அதனால் எங்களுடையது பக்கவாட்டில் நிற்கிறது. புல் பாதியானதும் வெட்டுகிறவர் தானாகவே 10 டாலர் குறைத்துக்கொண்டார்.

பின்வாசல் வேலிக்குள் இருப்பதால் அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று நினைத்து வெண்டை, கத்தரி, பீர்க்கை எல்லாம் போட்டிருந்தேன். வெண்டைக்கு இந்த வெயில் அல்வா மாதிரி. பீர்க்கை மட்டும் பந்தலைத் தாண்டி வேலிக்கு மேலே ஏறி, தெருப் பக்கமாக மஞ்சள் பூ பூத்துத் தொலைத்தது. அக்டோபர் 20ஆம் தேதி கடிதம், 'அனுமதி பெறாத கட்டுமானம்' என்று. நாலு மூங்கில் கழியும் ஒரு நைலான் கயிறும்தான் அந்தக் கட்டுமானம். எடுக்க முப்பது நாள் அவகாசம். எப்படியும் நவம்பர் கடைசிக்குள் பனி விழுந்து கொடி தானாகக் கருகிவிடும், அதுவரை மேலே தொங்குகிற காயை விதைக்கு முற்ற விட்டிருக்கிறேன்.