சபை மண்டபத்தில் துப்பாக்கி வகுப்பு: ஐந்துக்கு மூன்று மதிப்பெண்

டல்லாஸ் பக்கம் எங்கள் தமிழ்ச் சபையில் வாசல் காவலுக்குப் பெயர் கொடுத்தவர்களுக்காக, வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து டெக்சாஸ் கைத்துப்பாக்கி உரிம வகுப்பு நடத்தினார்கள். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே உரிமம் இல்லாமலே பெரும்பாலோர் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் பாஸ்டர், “படிக்காம யாரும் வாசல்ல நிக்க வேண்டாம் பிரதர்” என்றுவிட்டார்.

சட்டப் பகுதி அருமை. எப்போது சுடக்கூடாது என்பதற்கே அதிக நேரம். தேர்வுக்கு 50 குண்டுகள். 3, 7, 15 கெஜத் தூரம். பதினைந்தில் என் கை நடுங்கியது. எப்படியோ தேறிவிட்டேன்.

சறுக்கியது வேதப் பகுதி. வஸ்திரத்தை விற்றாவது பட்டயம் (வாள்) வாங்கு என்று லூக்கா 22:36 சொல்கிறது, அவ்வளவுதான் என்று பயிற்சியாளர் முடித்துவிட்டார். இரண்டு வசனம் தள்ளி, இரண்டு பட்டயம் இருக்கிறது என்று சீஷர்கள் சொன்னதும் இயேசு போதும் என்கிறாரே? அத்தனை சீஷருக்கு இரண்டு எப்படிப் போதும்? அன்றிரவே பேதுருவிடம் பட்டயத்தை உறையில் போடச் சொன்னாரே? கேட்டேன். “அது இயேசு சிலுவைக்குப் போவதற்காக, அடுத்தவரைக் காப்பது வேறு” என்றார். தப்பான பதில் இல்லை, அவசரமான பதில்.

அப்புறம், 2019-இல் டெக்சாஸின் ஒயிட் செட்டில்மென்ட் ஊரில் ஒரு சபையில் நடந்த துப்பாக்கிச் சூட்டின் வீடியோ. அந்தச் சபையின் காவல் குழுவில் இருந்த ஜாக் வில்சன் ஆறே விநாடியில் கொலைகாரனை வீழ்த்தினார். அதற்குள் இரண்டு பேர் குண்டடி பட்டு இறந்துபோனார்கள். முன்னெச்சரிக்கையே இல்லாமல் போட்டதால் இரண்டு அக்காமார் அழுதுகொண்டே வெளியேறினார்கள்.

கட்டணத்தில் மதியச் சாப்பாடும் சேர்த்தி. பிரியாணி ஆறிப்போயிருந்தது.