வகுப்புக்குப் பாடப்பொருள்: புத்தகத்தை நகலெடுப்பதா, திறந்த உரிமத்தில் தேடுவதா?

ஆசிரியர்கள் பலருக்கும் உள்ள குழப்பம் இது. இரண்டையும் இந்தியச் சட்டப்படி பார்ப்போம்.

சட்டம்
நகல்: பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(i) கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் படைப்பை நகலெடுக்க அனுமதிக்கிறது. பாட நூல் பகுதிகளை நகலெடுத்து மாணவருக்குத் தந்த டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடைமீது பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. இத்தனை பக்கம்தான் என்ற கணக்கு இல்லை. பாடத்துக்குத் தேவைப்படும் அளவா என்பதே கேள்வி.
திறந்த உரிமம்: விக்கிப்பீடியா, விக்கிமீடியா பொதுவகம் (படங்களும் காணொளிகளும் உள்ள தளம்) போன்றவற்றில், யாரும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி முன்பே தரப்பட்டிருக்கிறது. உரிம நிபந்தனையைப் பின்பற்றினால் போதும்.

செலவு
நகல்: பக்கத்துக்குப் பக்கம் காசு.
திறந்த உரிமம்: திரையில் காட்டினால் செலவே இல்லை.

பகிர்தல்
நகல்: வகுப்போடு நிற்கும்வரை பிரச்சினை இல்லை. அதையே யூடியூபில் ஏற்றினால் பிரிவு 52 தரும் விலக்கு காப்பாற்றும் என்று நம்ப முடியாது. பலர் கவனிக்காத இடம் இதுதான்.
திறந்த உரிமம்: தாராளமாகப் பகிரலாம், மாற்றி எழுதலாம். ஆக்கியவர் பெயரும் உரிமத்தின் பெயரும் பெரும்பாலும் கட்டாயம். விக்கிப்பீடியா கட்டுரையை மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்.

கிடைப்பது
நகல்: வேண்டிய பாடம் அப்படியே இருக்கும்.
திறந்த உரிமம்: தமிழில் தேடிப் பொறுக்க வேண்டும். பழைய இலக்கியத்துக்கு, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் படத்துக்கு அலைய வேண்டியதுதான்.

நாளைய வகுப்புக்கு ஓர் அத்தியாயம் வேண்டுமா? தயங்காமல் நகலெடுங்கள். ஆண்டுதோறும் பயன்படும் குறிப்பேடு, காணொளி, மற்ற பள்ளிகளுக்கும் தரும் பயிற்சித்தாள் என்றால், முதல் பக்கத்திலிருந்தே திறந்த உரிமப் பொருளில் தொடங்குங்கள்.