சுங்கை சிப்புட் வட்டார எச்சரிக்கை: ‘ஃபைல் மிஸ்ஸிங்’ என்று சொல்லி மறுபடியும் காசு கேட்கும் மேப் வியாபாரம்

கவுண்டர்-ஸ்ட்ரைக் சோர்ஸ் என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு உங்கள் தோட்டத்தையே மேப்பாக, அதாவது விளையாடும் களமாக, போட்டுத் தருவதாகச் சொல்லி, சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டிருக்கிறார். பள்ளி விடுமுறைப் போட்டிக்காக எங்கள் குழு அவரிடம் 350 வெள்ளி கொடுத்தது. கைக்கு வந்தது வேறு யாரோ செய்து, இலவசமாக வெளியிட்ட மேப். கோப்பின் பெயரையும் நான்கைந்து சுவர்ப் படங்களையும் மட்டும் மாற்றியிருக்கிறார். இது நமக்குத் தெரிவதற்குள், காணாமல் போன கோப்புகளைச் சேர்க்க இன்னும் 120 வெள்ளி வேண்டும் என்று கேட்டார். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் அவர் பேசும் விதமும் அவர் சொல்லும் காரணங்களும் எல்லாக் குழுக்களிடமும் ஒன்றுதான். அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாலே ஏமாற்று வேலை வெளியே வந்துவிடும்.

பேசியது இதுதான்: இரண்டு வரிசை லயத்து வீடு, நடுவில் பெரட்டுக்களம், பின்னால் கித்தா காடு, கோயில் வளைவு. முதலில் அவர் அனுப்பியது ஸ்கிரீன்ஷாட் மட்டும். அதில் கோயில் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிந்தது, எழுத்துப் பிழையும் இல்லை. பிறகு ஒரே ஒரு .பிஎஸ்பி கோப்பு வந்தது, விளையாட்டு திறக்கும் மேப் கோப்பு அதுதான். நம் கணினிகளில் போட்டால் அந்தப் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் ஊதாவும் கறுப்புமாகச் சதுரங்கக் கட்டம். களத்தின் ஓரத்தில் மரம் நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ‘எரர்’ என்ற எழுத்து அந்தரத்தில் நின்றது. கேட்டதற்கு, “பாஸ், என் கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியா ஓடுது. உங்க பக்கம்தான் ஃபைல் மிஸ்ஸிங். கேம் ஒழுங்கா இன்ஸ்டால் ஆகல” என்றார்.

இந்தப் பதிலை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். செய்தவர் கணினியில் சரியாக ஓடுகிறது என்பது எதற்கும் சான்று ஆகாது. சோர்ஸ் விளையாட்டில் ஒரு மேப்பின் சுவர்கள், வெளிச்சம், கதவு எல்லாம் .பிஎஸ்பிக்குள் இருக்கும். ஆனால் செய்தவர் புதிதாகச் சேர்த்த படங்களும் மாடல்களும் (மரம், பெட்டி போன்ற பொருள்கள்) ஒலிகளும் தாமாக அதற்குள் போய் உட்காராது. அவருடைய வட்டில் தனிக் கோப்புகளாகவே கிடக்கும். மேப் ஓடும்போது விளையாட்டு அவற்றைத் தேடும். அவர் வட்டில் இருப்பதால் அவருக்குக் கிடைக்கும், நமக்குக் கிடைக்காது. அந்தக் கோப்புகளை .பிஎஸ்பிக்குள் உள்ள பாக்ஃபைல் என்ற பகுதிக்குள் கட்டிக் கொடுப்பது மேப் செய்பவரின் வேலை. அது உள்ளே வைத்த ஒரு சிப் கோப்பு மாதிரிதான். கம்பைல்பால், வைட் போன்ற கருவிகள் மேப்பைப் படித்துப் பார்த்து, தேவையான கோப்புகளில் பெரும்பாலானவற்றை அவையே உள்ளே போட்டுவிடும். சில நிமிட வேலை. இதற்குத் தனிக் கட்டணம் கேட்பது, வீடு கட்டிக் கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பிறகு காசு கேட்பது போன்றது.

எது காணவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். ஊதா-கறுப்புக் கட்டம் என்றால் படம் சம்பந்தப்பட்ட கோப்பு கிடைக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கோப்பு உண்டு: .விஎம்டி வெறும் எழுத்துக்கோப்பு, .விடிஎஃப் உண்மையான படம். விஎம்டிக்குள் பேஸ்டெக்ஸ்சர் என்ற வரியில் படம் எந்த போல்டரில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். நமக்கு வந்த மேப்பில் கோயில் பலகையின் விஎம்டி உள்ளேயே இருந்தது. நோட்பேடில் திறந்தால், அந்த வரி ‘எஸ்டேட்’ என்ற போல்டரைக் காட்டியது. அந்த போல்டரில் ஒரு படம்கூட இல்லை. விடிஎஃப் அவர் வட்டிலேயே தங்கிவிட்டது. ஆக, நம் கணினியில் எந்தக் குறையும் இல்லை.

சிவப்பு ‘எரர்’ என்றால் மாடல் கோப்பு இல்லை. மாடல் ஒரே கோப்பு அல்ல என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். .எம்டிஎல் இருந்தால் போதாது, அதே பெயரில்.விவிடி, .விடிஎக்ஸ் இரண்டும் கூடவே வர வேண்டும். மோதினால் தடுக்க வேண்டிய பொருள் என்றால் .ஃபை கோப்பும் வேண்டும். ஃபை இல்லாத மரத்துக்குள் ஆள் நேராக நடந்து போய்விடலாம். போட்டியில் இதைவிடப் பெரிய சண்டை வேறு வராது. மாடல் வந்து, அதன் மேல் ஊதாக் கட்டம் இருந்தால், மாடலின் படங்களை மட்டும் விட்டிருக்கிறார் என்று பொருள். வானம் ஊதாவாக இருந்தால், வானத்தைக் காட்டும் ஸ்கைபாக்ஸின் ஆறு பக்கப் படங்களில் ஒன்றோ பலவோ விடுபட்டிருக்கின்றன. ஒலி காணாவிட்டால் திரையில் எதுவும் தெரியாது, சத்தமே வராது. அதனால்தான் அது கடைசிவரை கண்ணில் படாமல் தப்பிவிடும்.

கண்ணை நம்பாமல் பட்டியலாகவே வேண்டுமென்றால், ஸ்டீமில் விளையாட்டின் லாஞ்ச் ஆப்ஷனில் ‘-கான்டீபக்’ என்று போட்டு மேப்பை ஓட்டுங்கள். சிஸ்ட்ரைக் போல்டருக்குள் கான்சோல்.லாக் என்ற கோப்பு உருவாகும். விளையாட்டு தேடிக் கிடைக்காத படம், மாடல் பெயர்கள் அதில் வரிவரியாக இருக்கும். அதைத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வரும்போது இதுதான் கையில் உள்ள காகிதம்.

சோதிக்கும் கணினி சுத்தமாக இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். முன்பு வேறு சர்வர்களில் விளையாடியிருந்தால் ‘டவுன்லோட்’ போல்டரில் பழைய படங்கள் கிடக்கும். ‘கஸ்டம்’ போல்டரிலும் இருக்கலாம். இந்த இரண்டையும் வேறு பெயருக்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் மேப்பைத் திறக்க வேண்டும். வேறு சோர்ஸ் விளையாட்டுகளின் படங்களை எடிட்டரில் இணைத்து வேலை செய்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அழகாகத் தெரியும் செங்கல் நமக்கு ஊதாவாகத் தெரியும். ஒரு இன்டர்நெட் கடையில் பத்து கணினி இருந்தால், அதிகம் விளையாடாத கணினியே சோதனைக்கு நல்லது.

இனி ஏமாற்று எப்படி வெளிவந்தது என்பது. கவுண்டர்-ஸ்ட்ரைக் சோர்ஸ் போல்டரின் ‘பின்’ போல்டருக்குள் பிஎஸ்பிசிப் என்ற சிறு கருவி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டில் அதன் பெயரை அடித்து, ‘-டிர்’ போட்டு, மேப் கோப்பின் பெயரைக் கொடுத்தால் உள்ளே கட்டியிருக்கும் கோப்புகள் அனைத்தையும் பட்டியலிட்டுக் காட்டும். நாம் வாங்கிய மேப்பின் பெயர் நம் தோட்டத்தின் பெயர். ஆனால் பட்டியலில் ‘மெட்டீரியல்ஸ்/மேப்ஸ்’ போல்டருக்குக் கீழே வேறொரு பெயர் இருந்தது. மூலக் கோப்பை .பிஎஸ்பியாக மாற்றும்போது, அதாவது கம்பைல் செய்யும்போது, அன்றைக்கு மேப்புக்கு என்ன பெயரோ அந்தப் பெயரில்தான் அந்த உட்போல்டர் உருவாகும். பிறகு வெளியே உள்ள கோப்பின் பெயரை மாற்றினாலும் உள்ளே இருப்பது மாறாது. அந்தப் பழைய பெயரைத் தேடினால், இலவசமாகக் கிடைக்கும் ஒரு கிராமத்து மேப் வந்தது. சுவருக்குச் சுவர், கதவுக்குக் கதவு அதே மேப். லயம் என்று நமக்குக் காட்டியது அதிலிருந்த ஓட்டு வீடுகள். பெரட்டுக்களம் என்று காட்டியது அதன் சந்தைத் திடல்.

பெயர் மாற்றியதால் இன்னொன்றும் கெட்டிருந்தது. கண்ணாடி, ஈரத் தரை, உலோகக் கதவு ஆகியவற்றில் தெரியும் பிரதிபலிப்புக்கான கியூப்மேப் படங்களை விளையாட்டு மேப்பின் பெயரை வைத்துத்தான் தேடும். பெயர் மாறிய மேப்பில் அவை கிடைக்காது. ‘ஃபைல் மிஸ்ஸிங்’ என்று அவர் சொன்னவற்றில் ஒரு பங்கு இதுதான். கோப்பு உள்ளே பழைய பெயரில் பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது சான்று இதைவிடத் தெளிவானது. புகார் சொன்ன பிறகு, “முழுசா ரீபில்ட் பண்ணிட்டேன் பாஸ்” என்று இரண்டு முறை புதுக் கோப்பு அனுப்பினார். .பிஎஸ்பியை நோட்பேட்++ல் திறந்தால் புரியாத எழுத்துகளுக்கு நடுவே படிக்கக்கூடிய ஒரு பகுதி வரும். அதில் ‘மேப்வெர்ஷன்’ என்று தேடினால் ஓர் எண் கிடைக்கும். மேப் வரையும் கருவியான ஹேமர் எடிட்டரில் மேப்பை ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் இந்த எண் கூடும். முதல் கோப்பு, இரண்டாவது, மூன்றாவது என மூன்றிலும் ஒரே எண். ஹேமரில் அவர் எதையும் தொடவே இல்லை. பாக்ஃபைலில் இரண்டு படத்தைச் சொருகி, முழு வேலை செய்ததாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் புதுக் கோப்புகளை அதே பெயரில் அனுப்பியதால் போட்டி நாளில் வேறு தலைவலி. சர்வரில் ஒரு பதிப்பு, சில கணினிகளில் பழைய பதிப்பு. பெயர் ஒன்று, உள்ளடக்கம் வேறு என்றால், உன் மேப் சர்வரின் மேப்பிலிருந்து வேறுபடுகிறது என்று சொல்லி விளையாட்டு வெளியே தள்ளிவிடும். ஒழுங்காக வேலை செய்பவர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெயரின் கடைசியில் பி1, பி2 என்று போடுவார். அதுவும் .பிஎஸ்பியின் பெயரை மாற்றி அல்ல, மூலக் கோப்பான.விஎம்எஃப்பைப் புதுப் பெயரில் சேமித்து, மறுபடி கம்பைல் செய்து, கியூப்மேப்பையும் மறுபடி எடுப்பார்.

சர்வர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இவற்றில் வரும் தவறுக்கு மேப் செய்தவரைக் குறை சொல்வது நியாயமில்லை. சர்வர் தானே நேரடியாக அனுப்பும் கோப்பின் அளவுக்கு நெட்_மேக்ஸ்ஃபைல்சைஸ் என்ற வரம்பு உண்டு, இயல்பாக 16 எம்பி. எல்லாவற்றையும் உள்ளே கட்டிய மேப் 40 எம்பி இருந்தால் வந்து சேராது; மேப் இல்லை என்று துண்டித்துவிடும். ஃபாஸ்ட்டிஎல் (கோப்புகளைத் தனி இணைய இடத்திலிருந்து இறக்கும் வழி) வைத்து .பிஇசட்2 ஆகச் சுருக்கிப் போடுங்கள், அல்லது கடைக் கணினிகளில் முன்கூட்டியே பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். அடுத்தது, சர்வரோ டவுன்லோட் இடமோ லினக்ஸில் ஓடினால் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு கோப்பு. விண்டோஸில் ஓடியது அங்கே ஓடாது. எல்லாப் பெயரையும் சிறிய எழுத்தில் வைப்பதே வழி.

பழைய கவுண்டர்-ஸ்ட்ரைக் 1.6இல் மேப் கேட்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே படங்கள் .வேட் கோப்பில் இருக்கும். கம்பைலில் ‘-வேட்இன்க்லூட்’ போட்டால் அந்தப் படங்கள் மேப்புக்குள்ளேயே வந்துவிடும். போடாவிட்டால் வேட் கோப்பைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும். மாடல், ஒலி, வானத்தின் ஆறு .டிஜிஏ படங்கள் எதுவும் உள்ளே போகாது. மேப்பின் அதே பெயரில் ஒரு.ரெஸ் கோப்பில் அவற்றைப் பட்டியலிட வேண்டும். .ரெஸ் இல்லாமல் 1.6 மேப் கொடுப்பவர் வேலையை முடிக்கவில்லை.

காசு கொடுப்பதற்கு முன் கேட்க வேண்டியவை: .விஎம்எஃப் மூலக் கோப்பு, கம்பைல் ஆகும்போது கூடவே உருவாகும் .லாக் கோப்பு, எல்லாம் உள்ளே கட்டிய .பிஎஸ்பி. இந்த மூன்றும் வந்து, சுத்தமான கணினியில் கட்டமோ ‘எரரோ’ இல்லாமல் ஓடிய பிறகுதான் மீதிப் பணம் என்று வாட்சாப்பில் எழுத்தாகவே பேசிக்கொள்ளுங்கள். உண்மையில் மேப் போடத் தெரிந்தவருக்கு விஎம்எஃப் கொடுப்பது சிரமமே இல்லை. நம் ஆள் அதைக் கேட்டதும், “அது கம்பெனி சீக்ரெட்” என்றார். அவரிடம் அது இல்லவே இல்லை. இரண்டாவது தவணையான 150 வெள்ளியை அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்.

பணம் போடும் கணக்கு எண்ணை முதலில், மோசடிப் புகார் உள்ள கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். பணம் போய், உடனே ஏமாற்று என்று தெரிந்தால் தேசிய மோசடி உதவி எண்ணான 997க்கு அழைக்க வேண்டும். நேரம் ஆக ஆகப் பணத்தைத் தடுப்பது கடினம். சேவை மோசம் என்ற புகார் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது எடுக்கும், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். பாரத்தில் எதிர்த்தரப்பின் முழுப் பெயரும் முகவரியும் கேட்பார்கள். வெறும் கைப்பேசி எண்ணும் செல்லப்பெயரும் மட்டும் வைத்துக்கொண்டு பணம் போட்டால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். முன்பணம் கொடுக்கும் நாளிலேயே பெயர், முகவரி, வியாபாரப் பதிவு எண் மூன்றையும் வாங்கிவிடுங்கள்.

நம் புகாரோடு இணைத்தது: பணம் மாற்றிய ரசீதுகள், வாட்சாப் உரையாடல், கான்சோல்.லாக், பிஎஸ்பிசிப் காட்டிய பட்டியல், மூன்று கோப்பிலும் ஒரே எண்ணாக நிற்கும் மேப்வெர்ஷன் வரியின் படம், பக்கத்தில் அசல் மேப்பின் அதே இடத்து ஸ்கிரீன்ஷாட். அவர் அனுப்பிய மூன்று .பிஎஸ்பிகளையும் பெயர் மாற்றாமல், திறந்து சேமிக்காமல், வந்த தேதியோடு தனி போல்டரில் வைத்திருக்கிறோம். இதே ஆளிடம் வாங்கிய குழுக்கள் உங்களிடம் உள்ள கோப்பையும் அப்படியே வைத்திருங்கள். ‘மெட்டீரியல்ஸ்/மேப்ஸ்’ கீழே என்ன பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.