பாலிஷ் போடுவதற்கு முன் மரத்தைப் பாருங்கள்: செடி ஸ்டாண்டில் 15,500 ரூபாய் ஏமாந்தேன்

பால்கனியில் தொட்டி வைக்க மர ஸ்டாண்ட் செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தேக்கு என்று நம்பி 15,500 ரூபாய்க்கு நான் வாங்கியது, கப்பலில் சரக்கு ஏற்றி வரும்போது அடியில் போடுகிற பேலட் மரம். எனக்கு அது தெரியவந்தது மூன்று மாதம் கழித்து, ஒரு புயலுக்குப் பிறகுதான்.

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கிழக்குப் பார்த்த பால்கனியில் பதினாலு தொட்டி, எல்லாம் அம்மாவின் செடிகள். துளசி, கறிவேப்பிலை, கற்பூரவள்ளி, அடுக்குச் செம்பருத்தி, அப்புறம் மாயவரத்து வீட்டைக் காலி செய்தபோது பதியம் போட்டு எடுத்து வந்த மல்லி. முழங்கால் வலி வந்ததிலிருந்து அம்மாவால் குனிந்து தண்ணீர் ஊற்ற முடிவதில்லை. மூன்று படியாக ஒரு ஸ்டாண்ட் இருந்தால் நின்றபடியே ஊற்றலாம். முன்பு வைத்திருந்த இரும்பு ஸ்டாண்ட் துருப்பிடித்து டைல்ஸ் முழுக்கக் கறையானதால், இந்த முறை மரத்தில் செய்வோம் என்று முடிவெடுத்தோம்.

2024 ஆகஸ்ட் கடைசியில், மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையில் விசாரித்தேன். கடைக்காரர் நன்றாகப் பேசினார். "நிலம்பூர் தேக்கு மேடம். மழை, வெயில் எதுவும் ஒண்ணும் பண்ணாது. உங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்" என்றார். நிலம்பூர் என்றதும் நான் பாதி சாய்ந்துவிட்டேன். 1840-களிலேயே தேக்குத் தோட்டம் போட்ட கேரளத்து ஊர் அது. மேஜை டிராயரிலிருந்து ஒரு கட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். கனமாக, தேன் நிறத்தில், தொட்டால் லேசாக எண்ணெய்ப் பசையோடு, பழைய தோல் செருப்பு மாதிரி ஒரு வாசனையோடு இருந்தது. அது உண்மையான தேக்குதான், அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. அந்தக் கட்டையைக் காட்டித்தான் மற்றதை விற்றார்.

எஸ்டிமேட்டை வாட்ஸப்பில் அனுப்பினார். தேக்கு இரண்டரை கன அடி, கன அடி 4,000 வீதம் 10,000. கூலி 3,500. பாலிஷ், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 1,500. கொண்டுவந்து இறக்க 500. மரத்துக்கான 10,000-ஐ முன்பணமாகக் கேட்டார், அன்றே ஜிபேயில் போட்டேன். விநாயகர் சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்னால் ஸ்டாண்ட் வந்தது. ஒரே பையன், ஒரு தோளில் வைத்து மூன்று மாடியும் ஏறி வந்தான், மூச்சுகூட வாங்கவில்லை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஸ்டாண்ட் பளபளவென்று, முழுக்க ஒரே காப்பி நிறத்தில் இருந்தது. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். மீதி 5,500-ஐயும் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் நடுவில், வேளச்சேரி மேம்பாலத்தில் எல்லோரும் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அந்த மழையில் முதல் அறிகுறி தெரிந்தது. ஸ்டாண்டுக்கு அடியில் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. போன் செய்தேன். "புது பாலிஷ் மேடம், முதல் மழைக்கு அப்படித்தான் இறங்கும், அடுத்த மழைக்கு நின்னுடும்" என்றார். நிற்கவில்லை. நவம்பரில் பலகைகளில் கரும்புள்ளி வந்தது, ஆணி இருந்த இடங்களிலிருந்து துரு கோடாக வழிந்தது. ஆள் அனுப்புகிறேன் என்று நாலு முறை சொன்னார். யாரும் வரவில்லை.

நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். சின்னத் தொட்டிகளை எல்லாம் ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டோம். பன்னிரண்டு அங்குலத் தொட்டிகள் மூன்றை மட்டும் நகர்த்த முடியாமல் கீழ்ப் படியிலும் நடுப் படியிலும் விட்டிருந்தோம். மண் நனைந்தால் ஒவ்வொன்றும் 20 கிலோவுக்குக் குறையாது. திங்கட்கிழமை காலை அம்மா பால்கனிக் கதவைத் திறந்து ஒரு அடி எடுத்து வைத்திருப்பார், பின்கால் இணைப்பு விட்டுப்போய் ஸ்டாண்ட் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. செம்பருத்தித் தொட்டி உடைந்து அம்மாவின் காலுக்கு அரை அடி தள்ளி விழுந்தது. மல்லியின் அடித்தண்டு முறிந்துபோனது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, முறிந்த தண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பணத்தை விட எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

எங்கள் அடுக்ககத்தில் கதவு, ஜன்னல் வேலைக்கு வரும் ஒரு தச்சர் இருக்கிறார், நாகர்கோவில் பக்கத்துக்காரர், நாற்பது வருஷமாக இழைப்புளி பிடித்த கை. அவரை வரச்சொன்னேன். சாய்ந்து கிடந்த ஸ்டாண்டைப் பார்த்தவர், எதுவும் கேட்காமல் பலகையில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். வெண்ணெயில் அழுத்தியது போல் பள்ளம் விழுந்தது. "தேக்குல இப்படி விழாதும்மா" என்றார். உளியால் ஓரத்தில் ஒரு சீவல் எடுத்து மூக்கருகே நீட்டினார். டர்பன்டைன் வாசனை. பைன் மரம். டர்பன்டைனே பைன் பிசினிலிருந்து எடுப்பதுதான்.

அப்புறம் பலகைகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார். ஒரு இணைப்பில்கூட துளை போட்டு, மறுகட்டையின் நுனியைச் செதுக்கி உள்ளே இறக்கிய வேலை இல்லை. எல்லாம் மேலோட்டமாக வைத்து, துப்பாக்கியால் அடித்த மெல்லிய பின் ஆணி, கொஞ்சம் சாதாரண வெள்ளைப் பசை. அந்தப் பசை ஈரத்தில் ஊறிக் கொழகொழவென்று கையோடு வந்தது. பைனில் வட்ட வட்டமாகக் கணு இருக்கும். அந்தக் கணுக்களை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே அடர்த்தியாகச் சாயம் பூசியிருந்தார்கள். நடுப் படியின் மூன்றாவது பலகையைத் திருப்பியபோது, குறுக்குச் சட்டத்தோடு ஒட்டியிருந்த பக்கத்தில் சாயம் படாத இடத்தில், உள்ளங்கையளவு ஒரு முத்திரை. பாதியை இழைத்திருந்தார்கள், மீதி அப்படியே இருந்தது. ஒரு கட்டம், அதற்குள் கோதுமைக் கதிர், பக்கத்தில் எச்.டி. என்று இரண்டு ஆங்கில எழுத்து.

ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சரக்கோடு போகும் மரப்பெட்டி, பேலட் எல்லாவற்றிலும் இந்த முத்திரை இருக்க வேண்டும். மரத்தோடு பூச்சி நாடு தாண்டாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏற்றியது என்று அர்த்தம். அன்று அதில் இருந்த பூச்சி சாகும், அவ்வளவுதான். மழையையும் பூஞ்சையையும் தாங்க அது எந்த உதவியும் செய்யாது. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. கறிவேப்பிலையும் துளசியும் வளரும் இடத்தில் அந்த மரத்தை வைக்க எனக்கு மனம் வராது.

பேலட் மரத்தில் ஸ்டாண்ட் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. பேலட் மரம் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுத்தால் வீட்டுக்குள் வைக்க எத்தனையோ பேர் வாங்குவார்கள். தேக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டு இதைத் தலையில் கட்டியதுதான் மோசடி.

கணக்கும் பொய். இந்தக் கணக்கை மட்டும் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டையின் அகலத்தையும் கனத்தையும் அங்குலத்தில் எடுத்து, நீளத்தை அடியில் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். என் ஸ்டாண்டில் படிகளுக்கு இரண்டரைக்கு ஒரு அங்குல ரீப்பர் (குறுகலான நீளப் பலகை) 27 அடி, கால்களுக்கு இரண்டுக்கு இரண்டு கட்டை 14 அடி, குறுக்குச் சட்டத்துக்கு இரண்டுக்கு ஒன்று 12 அடி. எல்லாம் கூட்டினால் ஒரு கன அடியைச் சற்றுத் தாண்டும். வெட்டிலும் இழைப்பிலும் போவதற்குக் கால் பங்கு சேர்த்தாலும் ஒன்றரை வராது. கடைக்காரர் போட்டது இரண்டரை. அதிலும் ஒரு அங்குலம் என்று சொன்ன ரீப்பர் அளந்தால் முக்கால் அங்குலம்தான். "இழைத்த பிறகு எவ்வளவு கனம் இருக்கும்?" என்று நான் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள்.

எடையும் காட்டிக்கொடுக்கும். நன்றாகக் காய்ந்த தேக்கு கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ. இரண்டரை கன அடி என்றால் கழிவு போனாலும் 30 கிலோவுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். உடைந்த ஸ்டாண்டின் துண்டுகளை எல்லாம் கட்டி வீட்டு எடை மெஷினில் வைத்தோம். ஈரத்தோடு சேர்த்தே 12 கிலோ. அந்தப் பையன் ஒரு தோளில் தூக்கி வந்த காரணம் அப்போதுதான் புரிந்தது.

முத்திரை இருந்த பலகையை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் "பசங்க மாத்தி வெச்சுட்டாங்க போல" என்றார். பிறகு குரல் மாறியது. "பால்கனியில மழையில வெச்சா எந்த மரமும் இப்படித்தான் ஆகும் மேடம்." பால்கனிக்கு என்று சொல்லித்தானே செய்யக் கொடுத்தேன்? பில் கேட்டதற்கு, இந்த மாதிரி வேலைக்கெல்லாம் பில் போடுவதில்லை என்றார்.

என்னிடம் இருந்தது அந்த வாட்ஸப் செய்தியும் ஜிபே ரசீதும்தான். "தேக்கு 2.5 கன அடி" என்று அவரே அனுப்பிய வரி அதில் இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்தேன். ஜனவரியில் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் உதவியோடு நோட்டீஸ் எழுதி, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். பத்து நாளில் கடைக்காரரே கூப்பிட்டார். இரண்டு தவணையாக 7,000 திருப்பிக் கொடுத்திருக்கிறார். மீதி 8,500-க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயார் செய்துகொண்டிருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இணையம் வழியாகவே அனுப்பலாம். அந்த வழக்கு நிலுவையில் இருக்கப்போவதால்தான் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பயன் இல்லை. இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டும் இல்லை என்று தச்சர் சொன்னார்.

புது ஸ்டாண்டை அந்தத் தச்சரிடமே செய்யக் கொடுத்தோம். இடித்த வீட்டிலிருந்து வந்த பழைய தேக்கு நிலைச்சட்டம் ஒன்றை மர டிப்போவில் பார்த்து, என்னையும் கூட்டிப்போய் அளந்து வாங்கினார். மரம் 4,550, கூலி 3,000, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ, எண்ணெய் எல்லாம் 900. மொத்தம் 8,450. செய்து முடித்ததும் பாலிஷ் போடவில்லை. இரண்டு நாள் வெறும் மரமாகவே பால்கனியில் வைத்து, "நல்லா பாத்துக்கோங்க" என்றார். வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உள்பகுதி, ஒரு நிறம், ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை, ரேகை ஒவ்வொரு பலகையிலும் ஒரு மாதிரி. பழைய ஆணித் துளைகள் இரண்டு இருந்தன, அவற்றையும் மறைக்கவில்லை. அப்புறம்தான் ஆளிவிதை எண்ணெய் பூசினார், ரேகை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ரீப்பர்களுக்கு நடுவே கால் அங்குல இடைவெளி விட்டிருக்கிறார், தண்ணீர் நிற்காமல் வடிய. கால்களின் அடியில்தான் மரம் தண்ணீரை உறிஞ்சுமாம், அங்கே இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுத்து ரப்பர் புஷ் மாட்டினார்.

மரம் பார்க்கத் தெரியாது என்று யாரும் தயங்க வேண்டாம், எனக்கும் தெரியாது. சாயம் பூசுவதற்கு முன் ஒரு முறை வந்து பார்ப்பேன், பார்த்த பிறகுதான் பாதிப் பணம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நல்ல வேலைக்காரர் மறுக்க மாட்டார். என் கடைக்காரரிடம் நான் இதைக் கேட்டிருந்தால் அன்றே ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பார், நானும் திரும்பி வந்திருப்பேன்.

ஏற்கெனவே இப்படி ஸ்டாண்டோ ஷெல்ஃபோ வாங்கி வைத்திருப்பவர்கள், தொட்டிகளை இறக்கிவிட்டு அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பலகைகளின் அடிப்பக்கம், சட்டத்தோடு ஒட்டும் இடம், கால்களின் உள்பக்கம். கட்டத்துக்குள் கதிர் தெரிந்தால் உடனே படம் எடுத்து, பணம் அனுப்பிய ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். புகார் கொடுக்கக் கெடு இரண்டு வருடம்தான்.